ஓர் அறிக்கையை இரண்டு முறை எழுதினேன்



முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியையாகப் பணியாற்றியவள் நான். விடைத்தாள் திருத்துவதும் மதிப்பெண் இடுவதும் என் கைக்குப் பழகிப்போன வேலைகள். ஓய்வு பெற்ற பின்னர் நான் இட்ட ஒரு மதிப்பெண்ணை மட்டும் நானே அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று. அது ஒரு மாணவனுக்கு இட்டதன்று. ஒரு திட்டத்திற்கு இட்டது. அந்தத் திருத்தம் எப்படி நேர்ந்தது என்பதை உங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். அதில் நான் வெட்கப்பட வேண்டிய பகுதியும் உண்டு. இருந்தும் சொல்கிறேன். உங்கள் மஹல்லாவில், உங்கள் தெருவில், நாளையே நடக்கக்கூடிய செய்தி இது.

எங்கள் ஊர் தென்மாவட்டம் ஒன்றில் உள்ள சிறு நகரம். அங்குள்ள பெரியவர்கள் சிலர் கூடி நடத்தும் சேவைக் குழு ஒன்று, 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு நற்பணியைத் தொடங்கியது. கல்லூரியிலும் மேல்நிலைப் பள்ளியிலும் படிக்கும் வாலிபர்களையும் மாணவிகளையும் திரட்டி, அவர்களுக்குச் சிறார் நீதிச் சட்டத்தில் பயிற்சி அளித்து, அவர்களைக் கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குத் தங்கள் உரிமைகளைக் கற்பிப்பது என்பதே அந்தத் திட்டம். ஞாயிறுதோறும் படிப்பகத்தின் மாடியில் வகுப்பு. அவ்வப்போது தெருமுனை நாடகம். முடிவில் சான்றிதழ் வழங்கும் விழா. 2019 மார்ச் மாதம் முதல் சுற்று முடிந்தது.

"டீச்சரம்மா, இதை நீங்கள்தான் மதிப்பீடு செய்து தரவேண்டும். அடுத்த ஆண்டுக்கான நிதி உங்கள் அறிக்கையைப் பொறுத்திருக்கிறது" என்று குழுவின் செயலாளர் கேட்டுக்கொண்டார். அப்பிள்ளைகளில் பலர் என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன்.

சட்டம் சொல்வது என்ன?

அந்த வகுப்புகளில் கற்பிக்கப்பட்டதை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

தவறிழைத்த சிறுவனைப் பெரியவர்களோடு ஒன்றாகச் சேர்த்துத் தண்டிக்கக் கூடாது என்ற எண்ணம் நம் மண்ணுக்குப் புதியதன்று. இந்தியாவிலேயே முதன்முதலாகச் சிறுவர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது நமது சென்னை மாகாணம்தான், ஆண்டு 1920. நாடு முழுமைக்குமான சிறார் நீதிச் சட்டம் 1986இல் வந்தது. அதன்படி ஆண்பிள்ளை 16 வயது வரையிலும், பெண்பிள்ளை 18 வயது வரையிலும் சிறார் எனக் கொள்ளப்பட்டனர். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை குழந்தைகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1992 டிசம்பரில் இந்தியா அதனை ஏற்றது. அதைத் தொடர்ந்து, 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருபாலாருக்கும் 18 வயது என்று வகுத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம். இது 2016 ஜனவரி 15 முதல் செயல்பட்டு வருகிறது. கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயது நிரம்பிய பிள்ளையைப் பெரியவர்களைப் போல விசாரிக்க இச்சட்டம் சில நிபந்தனைகளோடு இடமளிக்கிறது. நாம் இங்கே பேசப்போவது அத்தகைய வழக்கைப் பற்றியன்று.

வகுப்பில் ஐந்து செய்திகளைப் பிள்ளைகள் மனப்பாடமாகக் கற்றார்கள். ஒன்று, 18 வயது நிரம்பாத பிள்ளையை எந்நிலையிலும் காவல் நிலையச் சிறைக்கொட்டடியிலோ சிறைச்சாலையிலோ அடைக்கக் கூடாது. இரண்டு, பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். ஒரு நீதித்துறை நடுவரும், சமூகப் பணியாளர் இருவரும் அமர்ந்து விசாரிக்கும் மன்றம் அது. அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் வேண்டும். மூன்று, பெற்றோருக்கு உடனே தகவல் தரவேண்டும். நான்கு, கட்டணமின்றி வழக்கறிஞர் உதவி பெறலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இவ்வுதவியை உறுதி செய்கிறது. ஐந்து, பிள்ளையின் பெயரையோ முகத்தையோ அடையாளத்தையோ எந்தப் பத்திரிகையும் வெளியிடக் கூடாது.

முதல் அறிக்கை

பயிற்சிக்கு முன் ஒரு தேர்வும் பயிற்சிக்குப் பின் அதே தேர்வும் வைக்கப்பட்டிருந்தன. இரண்டு கட்டு விடைத்தாள்களும் என் மேசைக்கு வந்தன. முதற்கட்டில் பல தாள்கள் வெறுமையாக இருந்தன. "போலீஸ் பிடித்தால் ஜெயிலுக்குப் போகவேண்டும்" என்பதே பலருடைய விடை. இரண்டாம் கட்டிலோ விடைகள் முத்து முத்தாக எழுதப்பட்டிருந்தன. சில பிள்ளைகள் பத்துக்குப் பத்து. சட்டப்பிரிவின் எண்ணைக்கூட எழுதியிருந்தான் ஒரு பையன். வகுப்பைப் பற்றிய கருத்துத் தாளில் "மிகவும் நன்று", "பயனுள்ளது", "தொடர்ந்து நடத்த வேண்டும்" என்றே எல்லாரும் எழுதியிருந்தார்கள்.

இதற்கு மேல் என்ன வேண்டும்? "திட்டம் தன் நோக்கத்தை முழுமையாக அடைந்துள்ளது" என்று என் அறிக்கையின் முதல் வாக்கியத்தை எழுதினேன். ஏப்ரல் மாதத்து ஓர் இரவில் அதன் கடைசிப் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

அந்த இரவு

இஷாத் தொழுகை முடிந்து வெகுநேரமாகியிருந்தது. வாசலில் நின்றவர் அடுத்த தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு தாய். கணவர் மௌத்தாகி ஆறு ஆண்டுகள். மூத்த மகன் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, இருசக்கர வாகனம் பழுது பார்க்கும் பட்டறையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் தவறாமல் வந்தவன். அவன் பெயரை நான் எழுதமாட்டேன். சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் எழுதமாட்டேன். சட்டப்பிரிவின் எண்ணை எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கிய பையன் அவன்தான் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

பட்டறைக் கல்லாவில் பணம் குறைந்திருக்கிறது. மாலை நான்கு மணிக்கே அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போய்விட்டார்கள். தாய்க்கு எவரும் சொல்லவில்லை. பட்டறையில் வேலை செய்யும் வேறொரு பையன் வீடு திரும்பும் வழியில் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தம் தம்பியை அனுப்பியிருக்கிறார். போன தாய்மாமன், "எங்க மானத்தையே வாங்கிட்டியேடா" என்று எல்லார் முன்னிலையிலும் பையனை அறைந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"டீச்சரம்மா, நீங்க ஒரு எட்டு வந்தீங்கன்னா..." என்றார் அந்தத் தாய்.

வாசகர்களே, நான் என்ன செய்தேன் தெரியுமா? "பயப்படாதேம்மா. பதினெட்டு வயசு ஆகாத பிள்ளையை அவங்க அடைச்சு வைக்க முடியாது. சட்டம் இருக்கு. காலையிலே நானே வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். நான் உள்ளே வந்து, பிள்ளைகள் தங்கள் உரிமைகளை எவ்வளவு தெளிவாக அறிந்திருக்கிறார்கள் என்ற பத்தியை எழுதி முடித்துவிட்டு உறங்கப் போனேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் நிலையத்தை அடைந்தபோது, நடக்க வேண்டியவை யாவும் நான் இல்லாமலேயே நடந்திருந்தன. என் வீட்டிலிருந்து திரும்பிய அந்தத் தாய், வகுப்பு எடுத்துவந்த பிளஸ் டூ மாணவி ஒருத்தியின் வீட்டைத் தட்டியிருக்கிறார். அவளுக்கு வயது 17. அவளுடைய வாப்பா ஆட்டோ ஓட்டுபவர். அந்தப் பெண் கேட்ட முதற்கேள்வி, "மாமி, அவனோட ஸ்கூல் சர்டிபிகேட் எங்கே இருக்கு?" என்பதாம். நள்ளிரவில் தகரப் பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்து, பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுத்திருக்கிறார்கள். அவளும் அவள் வாப்பாவும் அந்தத் தாயும் ஆட்டோவில் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அங்கே சிக்கல் இதுதான். பையன் தன் வயது பதினெட்டு என்று தானே சொல்லியிருக்கிறான்! பட்டறையில் வேலைக்குச் சேர்ந்த நாளில், பதினெட்டுக்குக் கீழ் என்றால் சேர்க்கமாட்டேன் என்று முதலாளி சொன்னதால், அன்று சொன்ன பொய் அது. முதலாளியும் அருகில் நிற்கும்போது அதை மாற்றிச் சொல்ல அவனுக்கு நாவு எழவில்லை. சான்றிதழின்படி அவனுக்கு வயது 15. வயதைத் தீர்மானிக்கப் பள்ளிச் சான்றிதழையே முதல் ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பது சட்டத்தின் விதி. பணியில் இருந்த அலுவலர் அதைப் பார்த்ததும் நிலைமை மாறியது. தாயை மகனருகே அமர அனுமதித்தார்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அன்று பகலிலேயே பையன் மாவட்டத் தலைநகரில் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்டான். இலவச வழக்கறிஞர் ஒருவர் அமர்த்தப்பட்டார். தாயின் பொறுப்பில் அவன் வீடு திரும்பினான்.

மாலை நான்கு மணி முதல் நள்ளிரவு வரை அவன் அந்தப் பலகையில் தன்னந்தனியாக அமர்ந்திருந்தான். அந்த எட்டு மணி நேரத்துக்குள் அவன் வாங்கிய அடிகளில் ஒன்று மாமனுடையது. மற்றவை யாருடையவை என்பதை அவன் இன்றுவரை சொல்லவில்லை.

சில நாள் கழித்து அவனிடம் கேட்டேன்: "பரீட்சையிலே பத்துக்குப் பத்து வாங்கினியே, அங்கே ஏன் வாய் திறக்கலே?"

"பரீட்சையிலே நீங்க கேட்டீங்க, எழுதினேன் டீச்சர். அங்கே 'எடுத்தியா, இல்லையா'ன்னு மட்டும்தான் கேட்டாங்க. மாமாவே அடிச்சதுக்கப்புறம் வேறே யாருகிட்டே சொல்றது?"

வீட்டுக்கு வந்து என் அறிக்கையைக் கிழித்துப் போட்டேன்.

திருடியவனுக்கு உரிமையா?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பணத்தை அவன் எடுத்தது உண்மை. இரண்டு மாதக் கூலி பாக்கி நின்றதும், வீட்டில் தங்கைக்குக் காய்ச்சலாயிருந்ததும் உண்மையே. ஆனாலும் எடுத்தது எடுத்ததுதான். குழுமத்தின் முன்னும் அவன் அதை மறுக்கவில்லை. விசாரணை முடிவில் அறிவுரை கூறி, தாயோடு அனுப்பிவைத்தார்கள். சிறு தவறுகளுக்குச் சட்டமே வகுத்துள்ள வழி அது.

ஊரில் சிலர் என்னிடமே கேட்டார்கள்: "திருடினவனுக்கு என்னம்மா உரிமை?" நியாயமான கேள்வி போலத் தோன்றும். அதற்கு விடை தேடியபோதுதான் அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் படித்தேன்.

அரிசோனா மாநிலத்தில் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுச் சிறுவன், அண்டை வீட்டுப் பெண்மணியிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினான் என்று 1964 ஜூன் மாதம் பிடிக்கப்பட்டான். பெற்றோர் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர்களுக்குத் தகவல் தரவில்லை. வழக்கறிஞர் இல்லை. புகார் கொடுத்த பெண்மணி விசாரணைக்கு வரவேயில்லை. விசாரணையை எழுதி வைக்கவும் இல்லை. 21 வயது ஆகும்வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்க வேண்டும் என்று நீதிபதி உத்தரவிட்டார். அதாவது ஆறு ஆண்டுகள் வரை! அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால் உச்சத் தண்டனை 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. 'சிறுவனின் நன்மைக்காகத்தானே செய்கிறோம், அவனுக்கு எதற்கு வழக்கறிஞர்?' என்ற எண்ணமே அன்று அந்நாட்டுச் சிறார் மன்றங்களில் நிலவியது. 1967 மே 15ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்தை மறுத்தது. குற்றச்சாட்டை முன்கூட்டி அறியவும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கவும் சிறுவர்க்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

அந்தச் சிறுவன் நல்லவனா கெட்டவனா என்பதை வைத்து நீதிமன்றம் இதைத் தீர்மானிக்கவில்லை. உரிமை என்பது நன்னடத்தைக்குக் கொடுக்கும் பரிசு அன்று. தவறு செய்த பிள்ளைக்குத்தான் அது மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஏனெனில் அவன் பக்கத்தில் நிற்க அப்போது ஆள் இருப்பதில்லை. நான் அந்த இரவில் எழுந்து போகாததற்கு அதுவும் ஒரு காரணமோ என்று பின்னர் என்னையே கேட்டுக்கொண்டேன். 'எடுத்துத்தான் இருப்பான்' என்ற நினைப்பு என் மனத்தின் ஓரத்தில் இருந்தது.

நன்றி அளவுகோல் ஆகுமா?

சரி, அறிக்கையைக் கிழித்தாயிற்று. வேறு எப்படி மதிப்பிடுவது? மேலும் தேடிப் படித்தேன். இரண்டு ஆய்வுகள் என் கண்ணைத் திறந்தன.

அமெரிக்கக் காவலர்கள் கைதானவரிடம் "நீங்கள் பேசாதிருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம்" என்று கூறிவிட்டே விசாரிக்க வேண்டும் என்பது 1966 முதல் அங்குள்ள சட்டநெறி. இந்தச் சொற்களைச் சிறுவர்கள் எவ்வளவு விளங்கிக்கொள்கிறார்கள் என்று தாமஸ் கிரிஸோ என்ற உளவியல் அறிஞர் ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார். பாதிக்கும் மேற்பட்ட சிறுவர்கள் அந்த எச்சரிக்கைகளில் ஒன்றையேனும் சரியாக விளங்கிக்கொள்ளவில்லை. சொற்கள் விளங்கியவர்களிலும் பலருக்கு உரிமை என்பதன் பொருள் விளங்கவில்லை. நீதிபதி நினைத்தால் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றே அவர்கள் எண்ணினார்கள். பெரியவர் கொடுக்கும் சலுகையாகவே உரிமையைக் கண்டார்கள். எங்கள் பையனும் அப்படித்தானே இருந்தான்!

இரண்டாவது, 1939இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய இரு நகரங்களில் தொடங்கிய திட்டம். 506 சிறுவர்களைத் தேர்ந்து, ஏறத்தாழ ஒரேமாதிரியான இருவர் இருவராக இணை சேர்த்து, ஒவ்வோர் இணையிலும் ஒருவனுக்கு மட்டும் ஆலோசகர், மருத்துவ உதவி, கோடை முகாம் எனப் பல ஆண்டுகள் உதவி செய்தார்கள். ஜோன் மெக்கார்டு என்ற பெண் அறிஞர் முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரு பங்கினர், "அந்தத் திட்டம் எங்களுக்கு நன்மை செய்தது" என்று நன்றியோடு கூறினார்கள். ஆனால் 1978இல் அவர் வெளியிட்ட முடிவு வேறு. குற்றத்திலிருந்து அத்திட்டம் அவர்களைக் காத்ததாகத் தெரியவில்லை. மதுப்பழக்கம், உடல்நலக்கேடு போன்ற பலவற்றில் உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களின் நிலையைவிட மோசமாக இருந்தது.

எண்ணிப் பாருங்கள். நன்மை செய்தவர்களின் மனமும் தூயது. நன்மை பெற்றவர்களின் நன்றியும் உண்மையானது. இருந்தும் பலன் மாறாக இருந்தது. "மிகவும் நன்று" என்று எழுதப்பட்ட கருத்துத் தாள்களை வைத்துக்கொண்டு நான் முடிவு கட்டியது எவ்வளவு பெரிய பிழை!

இரண்டாம் அறிக்கை

மே மாதம் மீண்டும் தொடங்கினேன். இம்முறை எழுத்துத் தேர்வு இல்லை. கல்லூரி மாணவர் ஒருவரை விறைப்பான அதிகாரியாக நடிக்க வைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அவர் முன் நிறுத்தினோம். நடிப்பு என்று தெரிந்தும், குரல் உயர்ந்த மாத்திரத்தில் பலரும் வாயடைத்துப் போனார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்களும் அதில் அடக்கம்.

தாய்மார்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: "உங்கள் பிள்ளையின் வயதுச் சான்று எங்கே இருக்கிறது? இப்போதே எடுத்து வாருங்கள்." சிலர் உடனே எடுத்து வந்தார்கள். சிலர் மறுநாள் வரை தேடினார்கள். சில சான்றிதழ்களில் பிறந்த நாள் ஜூன் 1 என்றிருந்தது. அதைக் கண்டதும் எனக்குச் சுருக்கென்றது. பள்ளியில் சேர்க்கும் நாளில் பெற்றோருக்குத் தேதி தெரியாவிட்டால் ஒரு குத்துமதிப்பாக ஜூன் முதல் தேதியைப் போட்டுவிடுவது அந்நாளைய ஆசிரியர்களின் வழக்கம். நானும் அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குப் போட்டிருக்கிறேன். பேனாவின் ஒரு கீற்று ஒரு பிள்ளையை ஓராண்டு மூத்தவனாக்கிவிட்டால், என்றோ ஒருநாள் அது அவன் எதிர்காலத்தையே மாற்றிவிடலாம் என்று அப்போது யார் நினைத்தோம்?

பிள்ளைகளிடம் கேட்ட கடைசிக் கேள்வி: "இரவு பதினொரு மணிக்கு உனக்கு இப்படி நேர்ந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவாய்?" "உம்மாவுக்கு" என்றார்கள். "உம்மா யாரிடம் போவார்?" என்றேன். அதற்குமேல் பெரும்பாலோரிடம் விடை இல்லை.

வகுப்பு எடுத்த வாலிபர்களையும் தனியே அமர்த்திக் கேட்டேன். ரோஜர் ஹார்ட் என்ற அறிஞர் 1992இல், பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். அதில் கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே அல்ல என்பது அவர் கருத்து. பெரியவர்கள் தம் நோக்கத்துக்குப் பிள்ளைகளை ஆட்டுவிப்பது, மேடைக்கு அலங்காரமாக நிறுத்துவது, பெயரளவுக்குப் பேசவிடுவது ஆகியவை அவை. எங்கள் விழா மேடையில் பிள்ளைகள் ஐந்து உரிமைகளையும் பாட்டாகப் பாடினார்கள், நாங்கள் கைதட்டினோம். ஆனால் திட்டத்தை வகுத்த கூட்டத்தில் ஒரு வாலிபருக்கும் நாற்காலி போடப்படவில்லை.

"நீங்கள் நடத்துவதாக இருந்தால் எதை மாற்றுவீர்கள்?" என்று கேட்டேன். நள்ளிரவில் ஆட்டோவில் போன அந்த மாணவி தயங்காமல் சொன்னாள்: "எங்களுக்கு வகுப்பு எடுத்தது போதும் டீச்சரம்மா. வாப்பாமாருக்கும் மாமாமாருக்கும் எடுங்க."

அதையே என் அறிக்கையின் முதல் வாக்கியமாக்கினேன். பிள்ளைகளுக்கு உரிமையைச் சொல்லிக் கொடுத்தது நல்ல பணி. ஆனால் அதைக் காப்பாற்றும் பொறுப்பையும் பிள்ளையின் தலையிலேயே ஏற்றிவிட்டோம். பதினைந்து வயதுப் பையன் தனியாக அமர்ந்துகொண்டு சட்டம் பேசமாட்டான். அவனுக்காகப் பேசப் பெரியவர் ஒருவர் அங்கே வந்து நின்றால்தான் அவன் கற்றதற்குப் பொருள் உண்டு. எனவே, எத்தனை பிள்ளைகள் விடை எழுதினார்கள் என்பது இத்திட்டத்தின் அளவுகோல் ஆகாது. அழைத்தபோது எத்தனை பெரியவர்கள் எழுந்து போனார்கள் என்பதே அளவுகோல். முதல் அழைப்பில் போகாதவள் நானே என்பதையும் அறிக்கையில் எழுதினேன்.

செயலாளர் படித்துவிட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். "இதை நிதி தருபவர்களிடம் எப்படிக் காட்டுவது டீச்சரம்மா?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஓராண்டு உழைத்த மனிதர். "காட்டாவிட்டால் அடுத்த ஆண்டும் பாட்டுத்தான் பாடுவோம்" என்றேன். காட்டினார். ஒருவர் தம் உதவியை நிறுத்திக்கொண்டார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். வகுப்புகள் குறைந்தன. விழா நின்றது.

அதற்குப் பதிலாக ஒரு தாள் வந்தது. ஆண்களும் பெண்களுமாக ஐந்து பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள். எந்நேரம் அழைத்தாலும் எழுந்து வருவதாக ஒப்புக்கொண்டவர்கள் அவர்கள். அதன் கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் எண்ணும் இருக்கும். வீடு வீடாகக் கொடுத்தோம். ஜமாஅத் அலுவலகத்திலும் ஒட்டினோம். திட்டக் கூட்டத்தில் இப்போது வாலிபர்கள் மூவர் அமர்கிறார்கள். ஐந்து பேரையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். என்னைச் சேர்ப்பதா என்று அவர்கள் தங்களுக்குள் விவாதித்ததாகவும் கேள்வி. சேர்த்தார்கள். மூன்றாவது பெயர் என்னுடையது.

உங்களிடம் கேட்பது

வாசகப் பெருமக்களே! உங்கள் பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் எங்கே இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். தேதி தவறாக இருந்தால் காலத்தோடு திருத்துங்கள். வேலைக்காகவோ வேறெதற்காகவோ பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள். பிள்ளை தவறு செய்தான் என்று கேள்விப்பட்டால், பிறர் முன்னிலையில் கை ஓங்காதீர்கள். முதலில் அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். கண்டிப்பதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் இப்படி ஐந்து பெயர்கள் இல்லையென்றால், முதல் பெயராக உங்கள் பெயரை எழுதுங்கள்.

அந்தப் பையன் இப்போது வளர்ந்துவிட்டான். வேறொரு பட்டறையில் தேர்ந்த கைகாரன் என்று பெயர் எடுத்திருக்கிறான். தெருவில் என்னைக் கண்டால் ஸலாம் சொல்லிவிட்டுச் சற்று நின்றுதான் போவான். அன்று நான் கேட்டதற்குப் பின் அந்த இரவைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

அதன் பிறகு ஒருமுறை, மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவில், என் தொலைபேசி ஒலித்தது. மணி பன்னிரண்டரை. வேறொரு தாயின் குரல். "இதோ வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை எடுத்தேன்.